சன்னல் எங்க போய்த் தொறக்குது

ஆடி 5, திங்கள்

முருகா, இன்னிக்கும் நூத்தியெட்டுத் தடவை உன்ற பேரை எழுதி முடிச்சிட்டேன். பக்கத்துல கீழ எட்டு வரி மிச்சங் கெடக்குது. காயிதத்தைச் சும்மா உட மனசு வரமாட்டீங்குது, அதனால உங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிக்கறேன். ஊர்ல இருந்தா வாய் ஓயற வரைக்கும் பேச ஆளிருக்கும். இங்க சரவணம்பட்டியில மூணாவது மாடி. கதவைச் சாத்துனா நீயும் நானுந்தான்.

லோகு இருக்கானேன்னு கேப்பே. என்ற அண்ணம் பையன், தங்கமான பையன், ஒரு குத்தஞ் சொல்ல முடியாது. எங்கூட்டுக்காரரு போனதுக்கப்பறம், "தனியா கெடக்க வேண்டாங்கத்தை, வாங்க"ன்னு வைகாசியில அவனே வந்து கூட்டிட்டு வந்தான். ஆனா காலைல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தான்னா காப்பி ஆறி ஏடு கட்டுனாலும் திரும்பிப் பாக்கறதில்ல. கூப்பிட்டா "ம்". இன்னொருக்கா கூப்பிட்டா "ம்ம்".

அவம் பொண்டாட்டி தாரணி ஆடி ஒண்ணாந் தேதி அவங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டா, கோபிக்கு. எதிர்ஊட்டுப் பரிமளா கேட்டா, "ஏனுங்க்கா, தாரணியக் காணமே?"

ஆடிக்கு அழைச்சிட்டுப் போயிருக்காங்கன்னேன்.

"கண்ணாலமாகி நாலு வருசங் கழிச்சா?"ங்கறா.

அவியவிய ஊட்டு வழக்கம்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டேன். பொய்யில்ல முருகா. ஆடியிலதானே போயிருக்கா.

ஆடி 7, புதன்

கடலைப்பருப்புல கல் பொறுக்கிட்டே லோகு பின்னால உக்காந்து அவன் ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்தேன். எத்தனை நாளைக்குத்தான் கேக்காம இருக்கறது?

"என்றா கண்ணு இது, கட்டங் கட்டமா?"

"எடைமேடைக்குங்கத்தை. கிணத்துக்கடவுல ஒருத்தரு கேட்டிருக்காரு. லாரி மேடை மேல ஏறுனா எடை இதுல வரும். வண்டி நம்பரைப் போட்டா சீட்டு அச்சாகும்."

"இந்தப் பொட்டி?"

"விண்டோ."

அப்படீன்னா சன்னல்தானாம். சன்னலுக்குள்ள சட்டம், சட்டத்துக்குள்ள பட்டன், எழுதற குழி, இன்னும் என்னென்னமோ. வெளிய இருக்கறது தாய், உள்ள இருக்கறது புள்ளைகளாம். நெசமாவே அப்படித்தான் பேரு வெச்சிருக்காங்க, நான் கட்டிச் சொல்லல. தாயை நகத்துனா புள்ளைக கூடவே நகரும். தாயை மூடுனா புள்ளைகளும் மூடிக்கும்.

எதை எங்க உக்கார வெக்கறதுன்னு அதுக்கு எப்படிச் சொல்லுவேன்னு கேட்டேன். மூணு வழி இருக்குதாம். ஒண்ணு, வந்ததை வந்தபடி ஒண்ணுங் கீழ ஒண்ணா அடுக்கறது. இட்லித் தட்டுதான். ரெண்டாவது, தாயக்கட்டமாட்ட வரிசை போட்டு, இந்த வரிசையில இந்தக் கட்டத்துல நீ உக்காருங்கறது. மூணாவது, இத்தனாவது புள்ளியில நில்லுன்னு நம்பர் குடுத்தர்றது. செவுத்துல ஆணி அடிச்சுப் படம் மாட்டறாப்பல. இந்த ஸ்கிரீன்ல இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது புள்ளி இருக்குதாம் முருகா. கிட்டப் போய்ப் பாத்தேன், ஒண்ணு கூடத் தெரியல.

"அடுக்கறதுக்கு ஒரு மேனேஜர், கட்டத்துக்கு ஒரு மேனேஜர் இருக்குதுங்கத்தை. ஒரே சட்டத்துக்குள்ள ரெண்டையும் உடக் கூடாது."

"உட்டா?"

"இது ஒரு அளவு சொல்லும், அது இன்னொரு அளவு சொல்லும். முன்னெல்லாம் மாத்தி மாத்திச் சொல்லிட்டே அப்படியே நின்னு போயிரும். இப்ப எடுத்தவுடனே முடியாதுன்னுருது."

எனக்குச் சிரிப்புத் தாங்கல. பரிமளா ஊட்டுல அவளும் அவ நாத்தனாளும் ஒரே அடுப்படியில நிக்கற கதைதான். ஒருத்தி உப்புப் போட்டா இன்னொருத்தியும் போடுவா. சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். லோகு சிரிக்கல.

"இதெல்லாம் நீயா வரைஞ்சே?"

"நான் எழுதுனது உள்ள ஓடறது மட்டுந்தானுங்க. சன்னலெல்லாம் தாரணி எழுதுனது."

அப்பறம் மறுக்காவும் "ம்" ஆயிட்டான். எனக்கு இது தெரியாது. அவ பக்கத்துல உக்காந்து அவனுக்கு ஒத்தாசை பண்றான்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்.

ஆடி 9, வெள்ளி

மாவௌக்குப் போட்டேன். ராகு காலத்துக்கு முன்னால தாரணிக்குப் போன் போட்டேன், எடுக்கல. ராகு காலம் முடிஞ்சும் போட்டேன், அப்பவும் எடுக்கல.

ஆடி 13, செவ்வாய்

இன்னிக்கு ஒரு வேடிக்கை. லோகு சன்னலோட மூலையைப் புடிச்சு இழுத்தான். எடை காட்டற பொட்டி மட்டும் பெருசாச்சு. மத்ததெல்லாம் இருந்த அளவுலயே ஒழுங்கா ஒதுங்கி நின்னுக்குச்சு. எடஞ் சாஸ்தியானா அது யாருக்குன்னு முன்னாலயே சொல்லி வெக்கணுமாம். சொல்லாம உட்டா எல்லாம் நடுவுல ஒடுங்கி உக்காந்துக்குமாம், விருந்துக்கு வந்த கூச்சக்காரங்களாட்டம். லாரிக்காரங்க தூரத்துல நின்னு பாக்கறது எடையத்தான், அதனால அதுக்குக் குடுத்திருக்காளாம் தாரணி.

கெட்டிக்காரிதான். இதை எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே.

ஆடி 16, வெள்ளி

இன்னிக்கு நடந்ததை எழுத எட்டு வரி பத்தாது, நாளைக்கான பக்கத்துலயும் எழுதறேன், கோவிச்சுக்காதே.

எடைமேடைக்கு இதையெல்லாம் கொண்டு போய்ப் போட்டுக் குடுக்கற நாள். என்னையும் கார்ல கூட்டிட்டுப் போனான். கிணத்துக்கடவு மலைக்கோயில்ல உன்னைப் பாத்தேன். ஆடி வெள்ளிக் கூட்டத்துல நீ என்னைப் பாத்தியோ என்னமோ. கீழ எறங்கி எடைமேடைக்குப் போனா, லோகு நெத்தியில வேர்வை வழியுது.

மேடை மேல தேங்கா லாரி ஏறி நிக்குது. எடை ஜம்முன்னு காட்டுது. ஆனா "சீட்டு"ங்கற பட்டனை அமுக்குனா ஒண்ணும் வரல. அதுக்கப்பறம் எதைத் தொட்டாலும் டிங்கு. லோகு கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் மூடிட்டு மறுபடி ஓட்டுனான். மறுபடியும் அதே இடத்துல டிங்கு. பின்னால இன்னும் அஞ்சு லாரி, ஆரன் மேல ஆரன்.

மேடைக்காரரு சென்னியப்பன்னு பேரு, நல்ல வெங்கலக் குரல். "நான் நோட்டுலயே எழுதிக்கறேன்னேன் தம்பி, நீங்கதான் கேக்கல"ங்கறாரு.

லாரி டிரைவரு சன்னல் வழியா எட்டிப் பாத்து, "ஏனுங், உள்ளார கம்ப்யூட்டருக்குப் பேன் பாக்கறீங்களா? தேங்கா மொளைச்சுரும் போல"ங்கறாரு.

லோகு மொகத்தைப் பாக்க எனக்குப் பாவமா இருந்துச்சு. ஆனா அந்தச் சத்தம் என்னமோ எனக்கு ஒரு மாதிரி பட்டுச்சு. "லோகு, அது சும்மா இல்லடா. தொடறப்பெல்லாம் டிங்குங்குது. ஆளு ஊட்டுக்குள்ள இருந்துட்டு, கதவைத் தொறக்காம கொரல் மட்டும் குடுக்கறாப்பல இருக்குது. வேற எங்கியோ ஒண்ணு தொறந்து நிக்குதுடா."

அவன் என்னைப் பாத்தான். ஸ்கிரீனைப் பாத்தான். ஸ்கிரீனுக்கு வலப்பக்கம் இருக்கற வெறுஞ் செவுத்தைப் பாத்தான். அப்பறம் எங்கியும் பாக்காம எண்டரை ஒருக்கா அமுக்குனான். சீட்டு சரசரன்னு வந்து விழுந்துச்சு.

"அம்மா, நீங்க எந்தக் கம்பெனிங்?"ன்னாரு சென்னியப்பன்.

"பழனியாண்டவர் கம்பெனிங்"ன்னேன். அத்தனை பேரும் சிரிச்சாங்க, லோகு தவிர.

"சீட்டு பட்டனை அமுக்கிட்டு, பேசாம ஒரு எண்டர் அமுக்கிருங்கண்ணா. ரெண்டு நாள்ல சரி பண்ணித் தர்றேன்"னு சொல்லிட்டு வந்துட்டான். வழியில கார்ல கேட்டேன்.

"அதென்னடா அது?"

"சீட்டு அடிக்கட்டுமா, சரியான்னு ஒரு சின்ன சன்னல் கேக்கும். அதுக்குப் பதில் சொல்லாம பெரிய சன்னல் நகராதுங்கத்தை."

"தொறந்திருந்தா கண்ணுல படோணுமே?"

"அது தாரணி ஸ்கிரீன்ல தொறந்திருக்குது."

"அவ ஸ்கிரீன் நம்மூட்டுப் பரண் மேலல்ல இருக்குது?"

"அதானுங்க."

ஈச்சனாரி வந்துச்சு. புள்ளையார் கோயிலைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆடி 17, சனி

ராத்திரி பூரா மண்டைக்குள்ள அதேதான். ஸ்கிரீனே இல்லாத எடத்துல சன்னல் எப்படித் தொறக்கும்? காலைல தோசை வெச்சுட்டு, சொன்னாத்தான் சட்னின்னுட்டேன்.

"ஊட்ல ரெண்டு ஸ்கிரீன் ஒண்ணு பக்கம் ஒண்ணு இருந்துச்சில்லீங்க. கம்ப்யூட்டருக்கு ரெண்டும் சேந்து ஒரே நீளச் செவுரு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதோட என்றது முடியுது, அங்கிருந்து அவளுது. அந்தச் சின்ன சன்னலைக் கடைசியா மூடறப்ப ரெண்டாயிரத்து நானூறாவது புள்ளியில வெச்சு மூடியிருக்கா. அதை ஒரு ஃபைல்ல குறிச்சு வெச்சுக்கும். அடுத்த தடவை அங்கியே போய்த் தொறக்கும். நான் அந்த ஃபைலையும் சேத்துக் கிணத்துக்கடவுக்குக் கொண்டு போயிட்டேன்."

"பரண்ல ஏத்துனது அதுக்குத் தெரியாதா?"

"கேக்கச் சொல்லி எழுதுனாத்தானுங்க தெரியும்."

நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. பதினஞ்சு சென்டிமீட்டர் ஸ்கேல்ல இருபதாவது கோட்டைத் தேடுனாப்பல. கோடு இருக்குது, ஸ்கேல்தான் இல்ல. எனக்கு வெளங்கிருச்சு முருகா, அத்தனை சந்தோசம்.

"சரி, மாத்திப்புடு."

"ரெண்டு வரிதானுங்க."

"அப்ப எழுதறது!"

"மாட்டேன். அது அவ எழுதுனது. நான் தொட மாட்டேன்."

"சென்னியப்பன் என்ன பண்ணுவாரு?"

"கண்ணை மூடிட்டு எண்டர் அமுக்கட்டும்."

அவங்கப்பனாட்டமே வீம்பு. சட்னியை வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. தேங்காச் சாதம், புளிச் சாதம், தயிர்ச் சாதம் கிண்டி உனக்குப் படைச்சேன். பரிமளா புதுத் தாலிக்கயிறு மாத்திட்டு வந்து காமிச்சா. "தாரணி அங்கியே மாத்திக்குவாங்ளா?"ன்னா. ஆமான்னேன். கோபியில ஆத்துத் தண்ணி நெறையப் போகும், இங்க குழாய்த் தண்ணிதானேன்னேன்.

ஸ்கிரீனைப் பரண்ல ஏத்துனது யாருன்னு நீ இன்னும் கேக்கல. கேக்க மாட்டே, நீயும் அதுல கூட்டு.

ஆனி இருவத்தெட்டு. ரெண்டு பேரும் ஒரு கண்ணாலத்துக்குப் போயிருந்தாங்க. நான் வந்த நாள்ல இருந்து பாக்கறேன், ஊட்டோட ஈசானி மூலையில தாரணி மேசை. அதுல செருப்புக் காலை நீட்டி உக்காந்துக்கறா. அந்த மூலையில சாமி இருந்தாத்தானே செய்யற தொழில் வெளங்கும்? தண்ணிக் கேன் போடறவரைப் புடிச்சு, மேசையை பால்கனிக்கு நகத்திட்டேன். ஸ்கிரீனைத் தொடைச்சு, ஓரத்துல குங்குமம் வெச்சு, என்ற நல்ல சீலை ஒண்ணுல சுத்திப் பரண்ல பத்திரமா ஏத்துனேன். உன்ற படத்தை அங்க மாட்டி வௌக்கு ஏத்திட்டு, வரட்டும் ரெண்டு பேரும், சந்தோசப்படுவாங்கன்னு வாசப்படியையே பாத்துட்டு இருந்தேன்.

வந்தா. நின்னா. மூலையைப் பாத்தா. "என்ற மேசை எங்கீங்கத்தை?"ன்னா.

நான் ஒரு வார்த்தை சொன்னேன். அது எதுக்கு இப்ப. நல்லதுக்குத்தான் சொன்னேன்.

அந்த மேசை மேல இப்ப வடகம் காயுது.

ஆடி 21, புதன்

தாரணியே போன் பண்ணுனா! "அத்தை, நல்லா இருக்கீங்களா?"ன்னா. மரியாதையில ஒரு கொறையும் இல்ல. என்ன கேக்கறதுன்னு தெரியாம, மனசுல இருந்ததைக் கேட்டுட்டேன். "அம்மிணி, ரெண்டாயிரத்து நானூறுல கொண்டு போய் ஏன் வெச்சே?"

"யாருங்க சொன்னாங்க உங்களுக்கு?"

லாரி, டிங்கு, தேங்கா மொளைக்கறது எல்லாஞ் சொன்னேன். களுக்குன்னு சிரிச்சுட்டா. "அவரு பெரிய சன்னலைப் பாத்துட்டு இருக்கறப்ப அது குறுக்க குறுக்க வரும். அதான் இழுத்து என்ற பக்கம் வெச்சுக்குவேனுங்க"ன்னா. அந்தச் சிரிப்பு ஒரு நிமிசங் கூட இருக்கல. "நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா, என்ற மேசையும் ஸ்கிரீனும் ஒரு வண்டியில ஏத்தி உட்டுருங்க. இங்கியே உக்காந்து வேற வேலை புடிச்சுப் பண்ணிக்கறேன்."

மேசை போயிருச்சுன்னா ஆளு எங்க திரும்பி வரப் போறா?

"ஆடியில சாமானம் பேர்க்கக் கூடாது அம்மிணி"ன்னேன்.

"அது ஊடு மாத்தறதுக்குத்தானுங்களே?"

"மேசையும் ஊட்டுச் சாமானந்தானே."

"ஆனியில நகத்தலாமாங்கத்தை?"

அவளே சொன்னா, "சரிங்க. ஆவணி ஒண்ணு." வெச்சுட்டா.

பத்து நாள் இருக்குது.

ஆடி 22, வியாழன்

உளுந்து ஊறப் போட்டதையே மறந்து புளிச்சுப் போச்சு. கொட்டிட்டேன்.

ஆடி 26, திங்கள்

லோகுகிட்டச் சொன்னேன். "கேட்டா அனுப்பிருங்க"ன்னான், திரும்பாமயே. எனக்கு வந்துச்சே கோவம்.

"ஏன்டா, பொண்டாட்டி மேசையைக் கேக்கறா, நீ ஸ்கிரீனைப் பாத்துட்டு ம் போடறே? போய்க் கூட்டிட்டு வாடா!"

அப்பத் திரும்புனான். "எந்த மொகத்தை வெச்சுட்டுப் போறதுங்கத்தை? நீங்க சொன்னப்ப நானும் அங்கதான நின்னேன்."

கத்தல. மெதுவாத்தான் சொன்னான். கத்தியிருந்தா நானும் நாலு கத்து கத்தியிருப்பேன்.

இத்தனை நாள் இந்த நோட்டுல உன்ற பேரை எழுதி, அதுக்குக் கீழயே மறைச்சுட்டு இருக்கேன். இன்னிக்கு எழுதிர்றேன். அன்னிக்கு அவ மேசை எங்கன்னு கேட்டதுக்கு நான் சொன்னது இதுதான்: "அவன் வேலைக்கு நீ ஒத்தாசைதானே அம்மிணி, ஒத்தாசைக்கு எதுக்குத் தனி மேசை? அடுப்படி இருக்குதில்ல." சிரிச்சுட்டேதான் சொன்னேன். அவ என்னைப் பாக்கல, லோகுவைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அவன் செருப்பைக் கழட்டிட்டுக் குனிஞ்சே இருந்தான்.

ஆடி பொறந்ததும் பொட்டியக் கட்டிட்டா.

ஆடி 31, சனி

வடகத்தை எடுத்துட்டு மேசையைத் தேச்சுக் கழுவுனேன். கஞ்சிக் கறை போக சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டியதாப் போச்சு. ஸ்கிரீனைப் பரண்ல இருந்து எறக்கிச் சீலையப் பிரிச்சேன். ஓரத்துல வெச்ச குங்குமத்தை ஈரத்துணியில மெதுவாத் தொடைச்சேன். அது உனக்கு வெச்சதுன்னு நெனச்சுக்காதே. அவ பொருள்ல நான் வெச்சது.

நாளைக்கு டெம்போ சொல்லியிருக்குது. லோகுவைக் கூப்பிட்டேன், "கூப்பிடாம எப்படிங்க வர்றது"ன்னுட்டான். நான் போறேன்.

ஆவணி 1, ஞாயிறு

டெம்போக்காரரு சத்தியமங்கலம் ரோட்ல வழி நெடுக வயல் காமிச்சுட்டே வந்தாரு. எனக்கு ஒண்ணுங் கண்ணுல படல. என்ன சொல்லோணுங்கறதை வாய்க்குள்ளயே உருப்போட்டுட்டுப் போனேன், பரிச்சைக்குப் போற புள்ளையாட்டம்.

தாரணியோட அம்மா "வாங்க"ன்னாங்க. தண்ணி குடுத்தாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல, நியாயந்தான். தாரணி வெளிய வந்தா. இளைச்சிருக்கா. மேசையை வாசல்ல எறக்கி வெச்சாச்சு.

"எங்க வெக்கட்டும் அம்மிணி?"ன்னேன்.

"இதென்னங்கத்தை புதுசா?"ன்னா. "நீங்க கேக்க மாட்டீங்களே."

உருப்போட்டதெல்லாம் மறந்து போச்சு முருகா. அவங்கம்மா நிக்கறாங்க, டெம்போக்காரரு நிக்கறாரு, எனக்கென்ன. "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. ஒத்தாசைன்னு சொன்னனே, எனக்கு என்ன தெரியும்? உன்ற ஒரு சின்ன சன்னல் காணாமப் போயி ஆறு லாரி நின்னுச்சு. அன்னிக்கே மனசுல தெரிஞ்சுது. சொல்லத்தான் இத்தனை நாளாச்சு. அந்த மனுசன் சென்னியப்பன் இன்னிக்கு வரைக்கும் கண்ணை மூடிட்டு எண்டர் அமுக்கிட்டு இருக்காரு."

"இன்னிக்கு வரைக்குமா?" தாரணி மொகம் மாறிருச்சு. "பதினாறு நாளாவா? ஏன், அவரு மாத்தலையா?"

"இல்ல."

"அவருக்கு அது தூக்கத்துல எழுதற வரிங்கத்தை!"

"கேட்டேன் அம்மிணி. திட்டியும் பாத்துட்டேன். அது அவ எழுதுனது, நான் தொட மாட்டேன்னுட்டான்."

அப்பறம் உள்ள போய் அவ லேப்டாப்பை எடுத்துட்டு வந்தா. வாசல்லயே, எறக்கி வெச்ச மேசை மேல வெச்சு, நின்னுட்டே எழுதுனா. டெம்போக்காரரு "மேசை எறக்கற வேலை முடிஞ்சுதுங்களா?"ங்கறாரு. சித்த இருங்கன்னு கையக் காட்டிட்டு நான் அவ தோளுக்குப் பின்னால நின்னு பாத்தேன்.

"என்ன எழுதறே?"

"தொறக்கறதுக்கு முன்னால, எத்தனை ஸ்கிரீன் இருக்குது, எவ்வளவு அகலம்னு கேக்கச் சொல்றேனுங்க. பழைய எடம் அதுக்குள்ள இல்லீன்னா, தாய் சன்னலுக்கு நடுவுல தொறன்னு சொல்றேன். இதை மொதல்லயே எழுதியிருக்கோணும். என்ற தப்புதான்."

ரெண்டு வரின்னான் லோகு. நான் எண்ணுனேன், அஞ்சு வரி.

லோகுவுக்கு அனுப்பிட்டு, போனை எடுத்துட்டு உள்ள ரூமுக்குப் போயிட்டா. நான் ஒட்டுக் கேக்கல. அவங்க ஊட்டுக் கதவு லேசு, நான் என்ன பண்ணட்டும்? "அன்னிக்கு நீங்க வாயைத் தொறந்திருக்கோணும்"ங்கறது மட்டுங் காதுல விழுந்துச்சு. அப்பறம் ரொம்ப நேரம் அந்தப் பக்கந்தான் பேச்சு போல. லோகு அவ்வளவு பேசுவான்னு எனக்குத் தெரியாது. அவங்கம்மா ஒரு மணி நேரங் கழிச்சுக் காப்பி குடுத்தாங்க. சக்கரை சரியா இருந்துச்சு.

தாரணி கண்ணைத் தொடைச்சுட்டு வந்தா. நான் முந்திக்கிட்டேன். "அம்மிணி, நான் வெள்ளிக்கெழமை ஊருக்குப் போயர்றேன். உன்ற ஊடு உன்ற ஊடா இருக்கட்டும்."

"உங்களைப் போகச் சொல்லி யாருங்க சொன்னா?" சுள்ளுன்னு கேட்டா. "நகத்தறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேளுங்கன்னுதான். அவ்வளவுதானுங்கத்தை."

டெம்போக்காரரு மேசையைத் திரும்ப ஏத்தட்டுமான்னு கேட்டாரு. அவ வேண்டாம்னுட்டா. "அவரு வந்து எடுத்துட்டுப் போகட்டும்"னா.

நான் பஸ் புடிச்சு வந்தேன்.

ஆவணி 4, புதன்

லோகு விடிய முன்னால குளிச்சுட்டு, இருக்கறதுல நல்ல சட்டையாப் போட்டுட்டு கோபிக்குக் கெளம்பிட்டான். காப்பியச் சூடாக் குடிச்சான்.

ஆவணி 6, வெள்ளி

நேத்துப் பொழுதெறங்க ரெண்டு பேரும் வந்துட்டாங்க, மேசையோட. பரிமளா எட்டிப் பாத்து, "ஆடி முடிஞ்சுதுங்களா தாரணி?"ன்னா. "முடிஞ்சுதுங்க்கா"ன்னு அவளும் சிரிச்சா.

இன்னிக்குக் காலைல டேப்பு வெச்சு ஊட்டை அளந்தா. நான் உன்ற படத்துக்கு முன்னால போய் நின்னு, "சாமியை எடுத்தர்றேன் அம்மிணி, உன்ற மூலை உனக்கு"ன்னேன். உங்கிட்டக் கூட ராத்திரியே சொல்லி வெச்சிருந்தேன், எந்திரிக்கத் தயாரா இருன்னு.

"சாமி அங்கியே இருக்கட்டுங்கத்தை"ன்னா. "எனக்கு வெளிச்சந்தான் வேணும். மேசையை இந்தச் சன்னலோரம் போட்டுக்கறேன். சரிங்களா?"

எங்கிட்டக் கேக்கறா முருகா. சரின்னேன். லோகு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் புடிச்சு நகத்துனோம். ஸ்கிரீனை வெச்சு வயரைச் சொருகி, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டா. உக்காந்ததுக்கப்பறந்தான் பாக்கறேன். நேரா தெக்குப் பாத்து உக்காந்திருக்கா.

தெக்குப் பாத்து உக்காந்து யாராச்சும் தொழில் பண்ணுவாங்களா? எமனோட தெசை. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்திருச்சு. அடுப்படிக்குப் போயி ஒரு சொம்புத் தண்ணி குடிச்சேன். திரும்பி வந்தேன். அவ வேலையில எறங்கிட்டா, அவனும் எறங்கிட்டான், ரெண்டு பேரும் என்னமோ நம்பரைச் சொல்லிச் சிரிச்சுக்கறாங்க.

நான் ஒண்ணுஞ் சொல்லல. நீயும் அந்த மூலையில இருந்துட்டு வாயைத் தொறக்காதே.